கடலோரச் செடிகளும் கடலாமைகளும்

புதர் என்றால் வெட்டப்பட வேண்டியது என்பதே தோட்டப்புறத்தில் வாழும் நமது எண்ணம். லயத்தைச் சுற்றிப் புதர் மண்டினால் பாம்பு அடையும், கொசு பெருகும் என்று பெரியவர்கள் கத்தியை எடுத்துவிடுவார்கள். அதை யாரும் குறை கூறமாட்டார்கள். ஆனால் ஒரு புதரை வெட்டலாமா, வெட்டக் கூடாதா, வெட்டினால் எவ்வளவு வெட்டலாம், எந்த மாதத்தில் வெட்டலாம் என்ற கேள்விகளை முன்னிட்டு ஊரே இரண்டுபட்டு நின்று, நகராட்சி மன்றத்தில் மணிக்கணக்காக வாதாடும் இடமும் உலகில் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு மூலையிலுள்ள புளோரிடா மாநிலக் கடற்கரையே அது. அங்கே செடிக்கும் மனிதனுக்கும் இடையே நின்று வழக்கை வளர்ப்பது ஒரு கடலாமை. இச்சச்சரவு எதனால் எழுந்தது, அதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் உள்ளது என்பதை மாணவர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்வது நன்று. ஏனெனில் நம் நாடும் ஆமைகள் கரையேறும் நாடுதான்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். புளோரிடா கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம். அதன் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் மாகடலின் அலைகள் மோதுகின்றன. பெருந்தலை ஆமை, பச்சை ஆமை, ஏழுவரி ஆமை ஆகிய மூன்று இனங்கள் அங்கே மிகுதியாக முட்டையிட வருகின்றன. அமெரிக்க நாட்டில் பெருந்தலை ஆமைகள் தோண்டும் கூடுகளில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரு மாநிலத்திலேயே உள்ளன. 2023ஆம் ஆண்டில் மட்டும் அவ்வினத்தின் கூடுகள் 130,000க்கும் மேலாகவும், பச்சை ஆமையின் கூடுகள் 70,000க்கும் மேலாகவும் எண்ணப்பட்டன. அதே கரையில்தான் அந்நாட்டுச் செல்வர்களின் மாளிகைகளும், விடுதிகளும், இருபது மாடி அடுக்கு வீடுகளும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஆமைக்கு வேண்டியதும் அந்தக் குறுகிய மணற்பட்டைதான். மாளிகைக்கு வேண்டியதும் அதுதான்.

வழக்கின் நடுவே நிற்கும் செடியின் பெயர் கடல் திராட்சை. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. திராட்சைக் கொடிக்கும் இதற்கும் உறவு இல்லை. பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதால் இப்பெயர் வந்தது. இலைகள் வட்டமாக, தோல் போன்று தடித்து, ஏறக்குறைய ஓர் உணவுத் தட்டின் அளவில் இருக்கும், நரம்புகள் சிவந்திருக்கும். உப்புக் காற்றுக்கும் வெறும் மணலுக்கும் அஞ்சாது. புயற்காற்று அடிக்கும் கரையில் புதராகப் படரும். காப்பான இடம் கிடைத்தால் இருபத்தைந்து அடி மரமாகவும் உயரும். பழத்தில் ஜெல்லி செய்து ரொட்டியில் தடவி உண்கிறார்கள்.

இச்செடி செய்யும் முதல் வேலை மணலைப் பிடித்து நிறுத்துவது. இரப்பர் மறுநடவின்போது மலைச்சரிவில் காப்புக்கொடி பயிரிடுவதை நம் தோட்டப் பாட்டாளிகள் நன்கு அறிவர். மண் மழையில் கரைந்து ஓடாமல் கொடியின் வேர் பிடித்துக்கொள்கிறது அல்லவா? கடலோரத்திலும் அதே கதைதான். காற்று கொண்டுவரும் மணல் செடியில் தடுக்கப்பட்டு மேடாகிறது. மேடு உயர உயரச் செடியும் உயர்கிறது. சூறாவளி வரும் நாளில் அந்த மேடே ஊருக்கு மதில்.

இரண்டாவது வேலை இருள் தருவது. இதுதான் ஆமைக்கு உயிர்நாடி. ஆதலால் இதைச் சற்று விரித்துக் கூறவேண்டும்.

பெருந்தலை ஆமை இரவில் கரையேறி, பின்கால்களால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு அது அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஐம்பது அறுபது நாள்களில் குஞ்சுகள் பொரிக்கின்றன. பகலில் மணல் சுடும். மணல் குளிர்ந்ததும் இரவாகிவிட்டது என்று உணர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே கூட்டமாக அவை மேலே வருகின்றன. கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லித்தரத் தாய் அருகில் இல்லை. பின் எப்படிக் கடலை அடைகின்றன?

குஞ்சின் கண் இரண்டு செய்திகளை நம்புகிறது. ஒன்று, தாழ்ந்த தொடுவானத்தில் தெரியும் வெளிச்சம். இயற்கையான கரையில் விண்மீன்களின் ஒளியையும் நிலவொளியையும் வாங்கிப் பிரதிபலிக்கும் கடல்தான் வெளிச்சமான திசை. மற்றொன்று, உயர்ந்து நிற்கும் கருநிழல். மணல்மேடும் அதன்மேல் அடர்ந்த செடிகளும் கரிய சுவர்போல் நிற்கும் திசைக்குக் குஞ்சு முதுகைக் காட்டி ஓடுகிறது. வெளிச்சத்தை நோக்கு, இருளை விட்டு விலகு என்ற இவ்விரண்டு விதிகளும் பல கோடி ஆண்டுகளாக ஆமை இனத்தைக் காத்து வந்தன. மின்விளக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகூட நிறைவாகவில்லை. இரண்டு விதிகளும் தலைகீழாகிவிட்டன.

மழை பெய்த மாலையில் நம் வீட்டு விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்த்து மாண்டுபோவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கரையோர விளக்கைக் கண்ட ஆமைக் குஞ்சின் நிலையும் அதுவே. கடலுக்கு முதுகைக் காட்டி ஊருக்குள் நடக்கத் தொடங்குகிறது. சாலையில் வண்டிச் சக்கரத்தில் நசுங்கும். நண்டுக்கும் நரிக்கும் இரையாகும். தப்பினால் விடிந்தபின் வெயிலில் காய்ந்து சாகும். வெளிச்சமான கரையைக் கண்டால் தாய் ஆமையே தயங்கித் திரும்பிவிடுவதும் உண்டு.

இப்போது வழக்கு எங்கே பிறக்கிறது என்பது புலப்படும். மாளிகைக்கும் கடற்கரைக்கும் இடையே பத்தடி உயரத்தில் கடல் திராட்சைப் புதர் அடர்ந்து நிற்கிறது. மாளிகையின் கீழ்த்தளத்தில் எரியும் விளக்கின் ஒளி புதரில் தடைபட்டுவிடுகிறது. கரை இருளாக உள்ளது. வீட்டுக்காரர் புதரை முழங்கால் உயரத்துக்குக் கத்தரித்துவிட்டால் அன்றிரவே விளக்கொளி மணலில் விழுகிறது. ஆமைக்குக் கட்டிய திரை கிழிந்துவிட்டது என்கிறார்கள் காப்பாளர்கள். எனக்குரிய காட்சி திறந்துவிட்டது என்கிறார் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரர்களை வெறும் தன்னலக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமாகாது. அவர்கள் கூறுவதையும் கேட்போம். “கடலைப் பார்த்துக்கொண்டு வாழவேண்டும் என்றே வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி இவ்வீட்டை வாங்கினோம். வாங்கியபோது செடி முழங்காலளவு இருந்தது. இப்போது அலையின் ஓசை கேட்கிறது, அலை தெரியவில்லை. வரி மட்டும் கடலோர வீட்டுக்குரிய வரியாகவே கட்டுகிறோம்.” புதருக்குள் எலி பெருகுகிறது, தீயோர் மறைகிறார்கள் என்பதும் அவர்கள் முறையீடு. டெல்ரே பீச் என்னும் நகரில் 1973ஆம் ஆண்டு கடலடியிலிருந்து மணலை இறைத்து, அரிக்கப்பட்ட கரையைப் புதிதாக அமைத்தார்கள்; அதன்பின் மேட்டில் செடிகளும் வளர்க்கப்பட்டன. சில பத்தாண்டுகளில் கடல் திராட்சை வேலியாக வளர்ந்து, சாலையில் செல்வோர்க்குக் கடலையே மறைத்துவிட்டது. நாம் நட்டதை நாமே வெட்டக் கூடாதா என்று மக்கள் கேட்டதில் வியப்பில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இயற்கையைக் காப்போரே எல்லாரும் ஒரே அணியில் இல்லை. கடல் திராட்சை தன் அகன்ற இலைகளால் நிழலிட்டு மற்றச் செடிகளை அமுக்கிவிடுகிறது. மணல்மேட்டுச் சூரியகாந்தி, உயர்ந்த புல் வகைகள், கொடிகள் யாவும் அதன் கீழ் வாழமாட்டா. தென்கிழக்குப் புளோரிடாக் கரையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத வெண்பூக் கொடி ஒன்று 1993ஆம் ஆண்டு முதல் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதற்கு வெயில் வேண்டும். ஆகவே செடியியலார் சிலர், அளவறிந்து கத்தரிப்பது மேட்டுக்கு நல்லது என்கின்றனர். ஆமைக் காப்பாளரோ, முதலில் விளக்கை மறையுங்கள், பிறகு கத்தரிப்பதைப் பேசலாம் என்கின்றனர். என் எண்ணம் கேட்டால், பின்னவர் சொல்லும் வரிசையே சரி என்பேன். கத்தரித்த செடி மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகும். திசைதவறிய குஞ்சுக்கோ ஓர் இரவுதான் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? பொது நிலத்திலுள்ள கடல் திராட்சையையும், மணலைப் பிணைக்கும் கடற்கரை ஓட்ஸ் புல்லையும் வெட்டுவதோ பிடுங்குவதோ புளோரிடாவில் குற்றம். தனியார் நிலமாயின் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். உரிமையாளரே வெட்டினாலும் மணல்மேட்டுக்கோ ஆமைக்கோ கேடு விளையும் வகையில் வெட்ட இயலாது. மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் கட்டுப்பாடு உண்டு. தென்கிழக்குக் கரையில் மார்ச்சு 1 முதல் அக்டோபர் 31 வரை ஆமைப் பருவம். அந்த எட்டு மாதங்களில் விதிகள் இறுகிவிடும். மேலும், கடலோர ஊர்கள் பின்பற்றத்தக்க மாதிரி விளக்குச் சட்டம் ஒன்றை 1993ஆம் ஆண்டிலேயே மாநில அரசு வகுத்துத் தந்தது. ஊர்கள் பலவும் அதை ஒட்டித் தத்தம் சட்டங்களை இயற்றிக்கொண்டன. எனினும் ஊருக்கு ஊர் விதி வேறுபடும். அதனால்தான் சண்டையும் ஊர்ச் சண்டையாகவே நடக்கிறது.

ஆமையே வழக்குமன்றம் ஏறிய கதையும் அங்கே உண்டு. வொலூசியா என்னும் மாவட்டத்தில் கடற்கரை மணலில் மோட்டார் வண்டி ஓட்டுவது நெடுநாள் வழக்கம். வண்டிகளாலும் விளக்குகளாலும் ஆமைகள் மடிகின்றன என்று 1995ஆம் ஆண்டு ஊர்வாசிகள் இருவர் மாவட்ட மன்றத்தின்மீது வழக்குத் தொடர்ந்தனர். வழக்கின் முதல் வாதியாகப் பெயர் எழுதப்பட்டது யார் தெரியுமா? பெருந்தலை ஆமை! வழக்கு ஏடுகளில் இன்றும் ‘பெருந்தலை ஆமை எதிர் வொலூசியா மாவட்ட மன்றம்’ என்றே அது பதிவாகியுள்ளது. வண்டிகள் பற்றி அரசிடம் அனுமதி பெற்றுவிட்டோம், ஆகவே வழக்குச் செல்லாது என்று மாவட்டத்தார் வாதிட்டனர். 1998ஆம் ஆண்டு மேல்முறையீட்டு மன்றம், வண்டிக்குப் பெற்ற அனுமதி விளக்குக்கு ஆகாது என்று தீர்ப்பளித்தது. நாட்டின் அழியும் உயிரினச் சட்டம் 1973ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டதால் இத்தகைய வழக்குக்கு இடம் கிடைத்தது.

ஆமை எப்போதும் நாம் நினைத்தபடியே நடக்கும் என்றும் எண்ணிவிட வேண்டாம். போக்கா ரேட்டோன் என்னும் நகரின் கடற்கரையை ஆராய்ந்த அறிஞர் மைக்கேல் சால்மனும் அவர்தம் குழுவினரும் 1995ஆம் ஆண்டு ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டனர். நகரக் கரையில் ஆமைகள் உயர்ந்த அடுக்கு மாளிகைகளின் முன்னேதான் மிகுதியாகக் கூடு தோண்டியிருந்தன! காரணம், ஊரின் ஒளிவெள்ளத்தை அக்கட்டடங்கள் மறைத்துக்கொண்டு இருள் தந்தன. செடியானால் என்ன, கல்லும் சுண்ணாம்புமானால் என்ன, கரிய உயர்ந்த சுவர் ஒன்று பின்னே நிற்கவேண்டும் என்பதே ஆமையின் கணக்கு. ஆனால் அதே மாளிகையின் பத்தாவது மாடியில் விளக்கெரிந்தால் அதை எந்தப் புதராலும் மறைக்க இயலாது. புதரைப் பற்றி மட்டும் சண்டையிட்டு விளக்கைப் பற்றி வாய் திறவாத ஊர்க்கூட்டம் பாதி வேலையைத்தான் செய்கிறது எனலாம்.

செடியின் மூன்றாவது வேலையைச் சொல்லாவிட்டால் கட்டுரை குறைபடும். அது நிழல். ஆமை முட்டையினுள் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம். ஏறக்குறைய 29 பாகை செல்சியசு என்பது நடுநிலை. மணல் அதைவிடக் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகளும், சூடேறினால் பெண் குஞ்சுகளும் மிகுகின்றன. கரிபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவில் அழுங்காமைகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அங்கே கரையோரக் காட்டின் நிழலில் இட்ட முட்டைகளே ஆண் குஞ்சுகளைத் தருவன. காட்டை அழித்துவிட்டால் பெண் குஞ்சுகளே பொரிக்கும்; பிறகு இனம் பெருகுவது எப்படி? அதிலும் அழுங்காமைக்குச் செடி வெறும் திரையன்று. அது புதருக்குள்ளேயே நுழைந்து வேர்களுக்கிடையே முட்டையிடும் இயல்புடையது. அதற்குப் புதர்தான் பிள்ளைப்பேற்று மனை.

அந்த அழுங்காமை நம் நாட்டு ஆமை. மலாய் மொழியில் காரா என்றும் சீசேக் என்றும் அழைப்பார்கள். தீபகற்ப மலேசியாவில் அது மிகுதியாக முட்டையிடும் மாநிலம் மலாக்கா. சபாவின் ஆமைத் தீவுகளிலும் அது கரையேறுகிறது. அங்கே சிலிங்கான் தீவில் 1966ஆம் ஆண்டே பொரிப்பகம் அமைத்து, 1977ஆம் ஆண்டு மூன்று தீவுகளைச் சேர்த்துப் பூங்காவாக்கினார்கள். அண்டை நாடான சிங்கப்பூரிலும் அது கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் மணலில் ஏறி முட்டையிடுவதுண்டு. விளக்குகளின் நடுவே அது வழி தேடும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

திரங்கானுவின் ரந்தாவ் அபாங் பெயர் பெரியோர் பலருக்கு நினைவிருக்கும். நட்சத்திரப் பழம்போல் முதுகில் வரிவரியாக மேடுள்ள ஏழுவரி ஆமைகள், மலாய்க்காரர் பெலிம்பிங் என்னும் பேராமைகள், 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் அளவில் அங்கே முட்டையிட்டன. கூட்டம் கூட்டமாக மக்கள் பார்க்கப் போனார்கள். கைவிளக்கை முகத்தில் அடித்தார்கள். முதுகில் ஏறியும் அமர்ந்தார்கள். இன்று அவை ஏறக்குறைய இல்லை. செடியை வெட்டியதால்தான் அவை மறைந்தன என்று சொன்னால் அது உண்மைக்கு மாறாகும். முட்டைகளைப் பல பத்தாண்டுகள் ஏறத்தாழ முழுமையாகவே எடுத்து விற்றதும், கடலில் வலைகளில் சிக்கி மாண்டதும் முதற்காரணங்கள். எனினும் நிழல் பற்றிய பாடமும் அங்கே உண்டு. காக்கும் நோக்கத்துடன் முட்டைகளை வெயில்படும் பொரிப்பகங்களில் புதைத்து வைத்தபோது, பொரித்தவை பெரும்பாலும் பெண் குஞ்சுகளே என்று பின்னர் ஆய்வாளர் கண்டறிந்தனர்.

நம் நாட்டில் ஆமை, கூட்டரசுச் சட்டத்துக்கு உட்பட்டதன்று. அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஆமை மாநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. நிலமும் மாநிலத்துக்குரியதே. ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. திரங்கானு மாநிலம் எல்லாவகை ஆமை முட்டைகளின் விற்பனையையும் 2022ஆம் ஆண்டு சூன் முதல் தடை செய்துவிட்டது. முட்டைக்குச் சட்டம் வந்த அளவுக்கு, முட்டையிடும் இடத்தின் செடிக்கும் விளக்குக்கும் கவனம் வந்ததாகக் கூற இயலாது. தங்கும் விடுதி கட்டுவோர் முதல் வேலையாகக் கரையோரத் தாழையையும் புதரையும் வழித்துவிட்டு, ‘கடற்காட்சி’ என்று விளம்பரம் செய்வதை எத்தனையோ கரைகளில் காணலாம். புளோரிடாவில் எழும் சண்டை இங்கே எழுவதில்லை என்றால், அதற்குக் காரணம் நாம் ஒற்றுமையாக இருக்கிறோம் என்பதன்று; ஆமையின் சார்பில் பேசுவோர் குறைவு என்பதே.

மணலில் படர்ந்து ஊதாப் பூப்பூக்கும் அடும்பங்கொடியை நம் பிள்ளைகள் கடற்கரைச் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள். இலை குளம்புபோல் பிளந்திருப்பதால் மலாயில் தாப்பாக் கூடா என்பர். அதே கொடிதான் புளோரிடாவின் மணல்மேட்டிலும் படர்கிறது. தமிழகத்து நெய்தல் நிலத்திலும் படர்கிறது. அகநானூற்றின் 160ஆம் பாடலில் சூல்கொண்ட ஆமை ஒன்று அக்கொடி சிதையுமாறு இழுத்து, வெண்மணற் குவியலருகே முட்டையிட்டு மறைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆணாமை காவல் காப்பதாகவும் அப்பாடல் கூறும். உண்மையில் ஆண் கடலாமை கரைக்கு வருவதே அரிது; காவலும் கிடையாது. ஆயினும் ஆமை முட்டையிடும் இடத்தில் கொடியும் இருக்கவேண்டும் என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் கண்டு பாடினர் என்பது மகிழத்தக்கது.

இனி, புளோரிடா ஊர்கள் இச்சண்டையை எப்படித் தீர்க்கின்றன? முழுத் தீர்வு எங்கும் இல்லை. இணக்கம் கண்ட ஊர்களில் செய்வது இதுதான்: விளக்கை உயரத்திலிருந்து தாழ்த்துகிறார்கள்; ஒளி தரையில் மட்டும் விழுமாறு மூடியிடுகிறார்கள்; ஆமைக் கண்ணை அவ்வளவாக ஈர்க்காத செம்மஞ்சள் விளக்குகளைப் பொருத்துகிறார்கள். உள்ளிருக்கும் ஒளியில் 45 விழுக்காட்டுக்கு மேல் வெளியே விடாத சாயக் கண்ணாடியைச் சன்னல்களுக்கு இடுகிறார்கள். பருவ மாதங்களில் தன்னார்வலர் விடியற்காலையில் கரை நெடுக நடந்து, சுவடு பார்த்து, கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டு எண்ணி வைக்கிறார்கள். விளக்குகள் சீர்பட்ட வீடுகளின் முன்னே புதரைச் சிறிது கத்தரிக்க இணங்குகிறார்கள்; முழுவதும் வழிக்காமல், இடையிடையே சாளரம்போல் திறந்துவிடுகிறார்கள். ஏழைக் குடும்பங்கள் இல்லாத அக்கரையில் இச்செலவு பெரிதன்று என்பதையும் சொல்லவேண்டும். நம் மீனவர் கம்பங்களில் இதே விளக்குகளை யார் பணத்தில் மாற்றுவது என்பது வேறு கேள்வி.

அக்டோபர் கடைசி நாள் வரை வாளும் கத்தியும் உறங்கும். நவம்பர் முதல் நாள் வெட்டுவோர் வேலையைத் தொடங்குவர். மார்ச்சு பிறக்குமுன் முடித்தாக வேண்டும். சில ஆண்டுகளில் அதுவரைகூடப் பொறுக்காமல், பிப்ரவரி இறுதியிலேயே முதல் ஏழுவரி ஆமை கரையேறி வந்துவிடுகிறது.